ஐஸ்பெட்டியில மாதா தண்ணி

லிங்கநகர், திருகோணமலை
2025 ஜூன் 20

அண்ணா,

"மடத்துக்கு எழுதிற கடிதம், செபத்தோட தொடங்கு, நீங்கள் எண்டு மரியாதையா எழுது" எண்டு அம்மா குசினிக்குள்ள இருந்து கத்துறா. நீங்கள் எண்டு எழுத எனக்கு ஏலாது. நீ பிரதர் ஆனாலும் என்ர சைக்கிள் செயினைக் கழட்டி ஒளிச்சு வச்சவன்தான்.

முதல்ல, ஃபாதர் மாஸ்டர், வணக்கம். எங்கட கடிதம் எல்லாம் நீங்கள் வாசிச்சிட்டுத்தான் அண்ணாட்டக் குடுப்பீங்கள் எண்டு தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். நான் டைப் பண்ணிப் பழகின ஆள்.

அண்ணா, கதிரையில இரு. இருந்திட்டியா? எங்கட சன்னிக் காரிட எஞ்சின் புளொக் வெடிச்சிட்டு.

அங்க மடத்தில ஃபோன் இருந்திருந்தால் ஒரு வொய்ஸ் மெசேஜோட முடிஞ்சிருக்கும். இப்ப இதைத் தபாலில போட்டு, நீ வாசிச்சு, பதில் வாறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்.

நடந்ததைச் சொல்றன். அப்பா ஹபரணையில வெள்ளைக்காரர் ரெண்டு பேரை ஏத்திக்கொண்டு உப்புவெளிக்கு வந்துகொண்டிருந்தவர். கந்தளாய்க்குக் கிட்ட ஃபேன் பெல்ட் அறுந்து, சூட்டு முள்ளு சிவப்பில போய் ஒட்டிட்டு. காரை நிப்பாட்டி பொனற்றைத் திறந்தவர். சூடு ஆறாமல் தண்ணி ஊத்தக்கூடாது எண்டு அப்பாவுக்குத் தெரியாதா? முப்பது வருஷமா ஹயருக்குக் கார் ஓடுறவர். வேற தண்ணி எண்டால் மரத்துக்குக் கீழ இருந்து வெத்திலை போட்டுப்போட்டு ஆறுதலா ஊத்தியிருப்பார். ஆனா கையில கிடைச்சது பாலையூற்று மாதா கோயில் தண்ணி. அம்மா கிழமைக்குக் கிழமை கேனில நிரப்பிக் குடுக்கிறது. அதைக் கொண்டுபோய் வெள்ளைக்காரற்ற சோடாவோட ஐஸ்பெட்டிக்குள்ள வச்சிருந்திருக்கிறார். மாதா தண்ணி ஒண்டும் செய்யாது எண்டு அப்பிடியே ஊத்தியிருக்கிறார்.

டக் எண்டு ஒரு சத்தமாம். அவ்வளவுதான்.

வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தாப்பிறகு நான் ஒயில் பார்த்தன். பால் தேத்தண்ணி மாதிரி இருந்தது. ஹெட் கழட்டிப் பார்த்தால் சிலிண்டருக்குப் பக்கத்தில நகத்தால கீறின மாதிரிக் கோடு. நான் எத்தினை வீடியோ பார்த்திருப்பன், இந்தக் கோட்டை ஃபோனில பார்த்தால் லைக் போடுவன். எங்கட காரில பார்த்த உடன துணியால மூடிட்டன்.

அப்பா என்ன சொன்னவர் தெரியுமோ? "மகனையும் மாதாட்டக் குடுத்தன், எஞ்சினையும் குடுத்தன். இனி என்ன வேணுமாம்?" அம்மா அழுதவா. சீசன் நேரம். உப்புவெளி ஹோட்டல் வாசலில அப்பாட இடத்தில வேற ஆக்கள் வந்து நிக்கினம்.

உனக்கு எழுத வேண்டாம் எண்டுதான் அம்மா சொன்னவா. நான் எழுதிட்டன். பயப்பிடாதே. நான் புளொக் தேடி எடுப்பன். நாட்டில இருக்கிற எல்லா உதிரிப்பாக குறூப்பிலயும் போய்ச் சேர்ந்திட்டன்.

அஞ்சலினா

(இந்த இடத்தில ஒரு அழுகிற மூஞ்சி. கையால கீறினது, வடிவில்ல.)


நவசந்நியாச இல்லம், ஹற்றன்
2025 ஜூன் 28

அன்புள்ள அஞ்சலி,

உன்ர கடிதம் கிடைச்சது. ஃபாதர் மாஸ்டர் தரேக்க சிரிப்பை அடக்கிக்கொண்டு தந்தவர். நான் சிரிக்கேல்ல.

வெல்டிங் செய்யலாமோ எண்டு யாரும் கேட்கவந்தால் விடாதே. இரும்பு புளொக், ஒட்டினாலும் சூடேற திரும்ப விடும். மாத்தத்தான் வேணும். உனக்கே தெரிஞ்சிருக்கும், ஆனாலும் மனம் கேட்கேல்ல, எழுதிறன்.

அப்பா சாப்பிடுறாரோ? காசுக்கு என்ன செய்யிறீங்கள்? அம்மா தையல் எடுத்திருப்பா எண்டு நினைக்கிறன். அவாட கண்ணுக்கு அது கூடாது. கிண்ணியாவில முனாப் நானாட யார்டில போய்க் கேட்டுப் பாருங்கோ. பழைய வாகனம் எல்லாம் கடைசியில அங்கதான் வரும்.

செப்டெம்பர் 8 மாதாட பிறந்தநாள் அண்டைக்குத் துறவியா எங்கட முதல் வார்த்தைப்பாடு. குடும்பத்துக்கு அழைப்பு அனுப்பச் சொல்லியிருக்கினம். நான் இன்னும் அனுப்பேல்ல. நான் இஞ்ச வந்ததில இருந்து அப்பா ஒரு வரி எழுதேல்ல. அழைப்பு வந்தால் கிழிப்பாரோ எண்டு பயம்.

இஞ்ச சரியான குளிர். விடிய செபத்தில இருக்கேக்க எல்லாரும் கண் மூடி இருக்கினம். எனக்குக் கண்ணுக்குள்ள அந்தக் கோடுதான் தெரியுது.

நான் வரட்டோ?

அண்ணா


லிங்கநகர்
2025 ஜூலை 9

அண்ணா,

"நான் வரட்டோ" எண்டு கேட்டதை நான் வாசிக்கேல்ல எண்டு வச்சுக்கொள்ளுறன். சரியோ?

நிறையக் கதை இருக்கு. குறூப்பில ஒருத்தன் "டீசல் சன்னி புளொக் இருக்கு, அட்வான்ஸ் போடுங்கோ, பஸ்ஸில ஏத்தி விடுறன்" எண்டு மெசேஜ் போட்டான். படமும் அனுப்பினான். பளபள எண்டு இருந்தது. எனக்கு நித்திரையே வரேல்ல, சந்தோசத்தில. அம்மாட்டச் சங்கிலி கேட்க வாயைத் திறந்தனான். பிறகு ஒரு யோசனை வந்து படத்தைத் தேடிப் பார்த்தால், வேற நாட்டுக் கடை ஒண்டிட படம்! அவனிட்டக் கேட்டன், "புளொக்குக்குப் பக்கத்தில இண்டையப் பேப்பரை வச்சு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ அண்ணே" எண்டு. ப்ளொக் பண்ணிட்டான். புளொக் கேட்டதுக்கு ப்ளொக்!

அதுக்குப் பிறகு நானும் அப்பாவும் கிண்ணியாவுக்குப் பஸ்ஸில போனனாங்கள். அப்பா பஸ்ஸில போறதை நீ பார்த்திருக்கிறியோ? ட்ரைவர் பிரேக் பிடிக்கேக்க எல்லாம் அவற்ற காலும் சேர்ந்து மிதிக்குது.

முனாப் நானாட்ட ஒரு புளொக் இருந்தது. புதுசாப் பெயின்ற் அடிச்சு வச்சிருந்தார். நான் பையில இருந்து மண்ணெண்ணையும் சோக்குக் கட்டியும் எடுத்தன்.

"என்ன புள்ள, பள்ளிக்கூடம் நடத்தப் போறியா?" எண்டார்.

"இல்ல நானா. மண்ணெண்ணை பூசித் துடைச்சிட்டு சோக்குப் போட்டால் வெடிப்பு இருக்கிற இடம் ஈரமாத் தெரியும்."

"அத எனக்கே சொல்லித் தாறா பாரு! இக்னேசியஸ், உங்கட மகளுக்கு யூடியூப்தான் வாப்பாவா?"

அப்பா சிரிக்கேல்ல. நான் பூசினன், துடைச்சன், சோக்கை உரைச்சன். கொஞ்ச நேரம் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிண்டம். வெள்ளைக்குள்ள மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு ஊறி வந்தது. பெயின்றுக்குக் கீழ ஆரோ ஒட்டி வச்ச வெடிப்பு. முனாப் நானாட முகமே மாறிட்டு. "அல்லாஹ் மேல ஆணையா எனக்குத் தெரியா. எனக்கும் ஒருத்தன் தலையில கட்டிட்டான்" எண்டார். நம்புறன். அவர் எங்களுக்குப் பிளேன்ரீ தந்து, பஸ் வரைக்கும் கொண்டு வந்து விட்டவர்.

பஸ்ஸுக்குக் காத்து நிக்கேக்க அப்பா அவரிட்டச் சொன்னார்: "ஆகஸ்ட் பதினைஞ்சு மாதா திருநாளுக்கு முன்னம் கிடைக்காட்டி, காரை நீங்களே எடுத்து வெட்டி வித்துப்போடுங்கோ நானா." முனாப் நானா என்னைப் பார்த்தார். நான் கிண்ணியாப் பாலத்தைப் பார்த்தன்.

அண்ணா, அவர் அதை எனக்குச் சொல்லேல்ல. நான் பக்கத்தில நிண்டது தெரிஞ்சும் அவருக்குத்தான் சொன்னவர்.

அஞ்சலினா


ஹற்றன்
2025 ஜூலை 17

அஞ்சலி,

முடிவு எடுத்திட்டன். நான் வாறன்.

கட்டாருக்குப் போன பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருத்தன் கராஜில வேலை எடுத்துத் தருவன் எண்டு முந்தியே சொன்னவன். வார்த்தைப்பாடு எடுக்க முன்னம் போறது பாவம் இல்ல, கதவு திறந்துதான் இருக்கு. அப்பா காரை வெட்டக் குடுத்திட்டு இந்த வயசில ஆற்றையோ ஹோட்டலில காவல் இருக்க, நான் இஞ்ச வெள்ளை உடுப்போட நிண்டு பாட்டுப் படிக்கேலாது.

ஃபாதர் மாஸ்டரிட்ட இன்னும் சொல்லேல்ல. மூண்டு தரம் அவற்ற அறை வாசலில போய் நிண்டிட்டுத் திரும்பி வந்தனான். அவர் இந்தக் கடிதத்தை வாசிச்சிட்டுத்தான் ஒட்டுவார். வாயால சொல்ல ஏலாமல் போனதை இப்பிடியே சொல்லிப்போட்டன். ஃபாதர், மன்னிக்கவும்.

அப்பாட்டச் சொல்லு, காரை வெட்டக் குடுக்க வேண்டாம் எண்டு.

அண்ணா


லிங்கநகர்
2025 ஜூலை 25

பிரதர் ஜக்சன் அவர்களுக்கு,

அம்மா சொன்ன மாதிரி இனி நீங்கள்தான். சந்தோசமோ?

உங்கட கடிதத்தை நான் வீட்டில காட்டேல்ல. அப்பா வாழ்க்கையில முதல் தரமாக் கேட்டார், "என்னவாம் எழுதியிருக்கிறான்?" எண்டு. பேப்பரைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல். நான் "சுகமாம்" எண்டு பொய் சொன்னன். "ம்" எண்டார். அந்த "ம்" ஐ நீங்கள் கேட்டிருக்கோணும்.

நீங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு அப்பா காருக்குள்ள இருந்து இறங்கவே இல்ல, ஞாபகம் இருக்கோ? நீங்கள் பஸ்ஸில போனீங்கள். வாசலில கார் நிக்க, பஸ்ஸில. மடத்துக்குப் போகாதே எண்ட அந்தச் சண்டை எல்லாம் தாண்டிப் போன ஆள், ஒரு இரும்புத் துண்டு வெடிச்ச உடன திரும்பி வாறாராம்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கு. எஞ்சின் வெடிச்சதால வாறீங்களோ, இல்லாட்டி வாறதுக்கு ஏதாவது வெடிக்கட்டும் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனீங்களோ? உண்மையா எனக்குத் தெரியோணும். இரண்டாவது எண்டால் வாங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன், பஸ் ஸ்ராண்டுக்கு வந்து பையைத் தூக்குவன். முதலாவது எண்டால் வரக்கூடாது. பிறகு ஒவ்வொரு நாளும் அப்பா அந்தக் காரை ஸ்ராட் பண்ணேக்க உங்கட முகத்தைத்தான் பார்ப்பார். அவரால அதைத் தாங்க ஏலாது. என்னாலயும் ஏலாது.

ஃபாதர் மாஸ்டர், நான் கூடக் கதைச்சிருந்தால் நீங்கள் இந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம்.

அஞ்சலினா

அண்ணா!! அண்ணா!! இது அடுத்த நாள் காலமை, கடிதம் இன்னும் போடேல்ல. நல்ல காலம்!

மூதூரில நப்லா எண்டு ஒரு பிள்ளை சமையல் வீடியோ போடுறவள். எனக்கு அவளிட இடியப்பப் புரியாணி விருப்பம். நேற்று விசரில படுத்துக்கிடந்து அவளிட பழைய வீடியோ எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன். ஒண்டில "வாங்க, எங்கட வளவில முட்டை எடுப்பம்" எண்டு போறாள். கிழிஞ்ச படங்குச் சீலைக்குக் கீழ ஏதோ இரும்பு, அதுக்குக் கீழ கோழிக்கூடு. குனிஞ்சு முட்டை எடுக்கிறாள். நான் நிப்பாட்டினன். பின்னால போட்டன். பெருசாக்கினன். அண்ணா, அது டீசல் சன்னி எஞ்சின்! ஹெட்டுக்கு மேல மூடி, அந்த எழுத்து, பம்ப் இருக்கிற பக்கம், எல்லாம் எங்கடயேதான்! பதினெட்டாயிரம் பேர் அந்த வீடியோவைப் பார்த்திருக்கினம், எல்லாரும் முட்டையைத்தான் பார்த்திருக்கினம்!

மெசேஜ் போட்டிட்டன். இன்னும் பார்க்கேல்ல. ஒரு டிக்தான் விழுந்திருக்கு. நான் செத்துப்போவன்.


ஹற்றன்
2025 ஆகஸ்ட் 2

அஞ்சலி,

உன்ர பக்கத்தை ஃபாதர் மாஸ்டர் கிழிக்கேல்ல. மடிச்சுத் தந்து, "கேள்வி நல்லா இருக்கு" எண்டார். என்ர முடிவைப் பற்றி அவர் சொன்னது ஒண்டே ஒண்டு: "எஞ்சின் கதை முடியட்டும். அதுக்குப் பிறகு வந்து சொல்லு, போறதெண்டாலும் நிக்கிறதெண்டாலும்."

உன்ர கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியேல்ல. பொய் சொல்ல விருப்பமில்ல. செபத்தில இருக்கேக்க சில நாள் ஒண்டும் இல்ல, காஞ்ச கிணத்துக்குள்ள வாளி விட்ட மாதிரி. அந்த நேரம் பார்த்து இல்லத்து வான் ஸ்ராட் ஆகாமல் இருமும். என்னைக் கூப்பிடுவினம். கையில கிறீஸ் பட்ட உடன நான் ஆரெண்டு எனக்குத் தெரியும். அப்ப நினைப்பன், நான் பிழையான கராஜுக்கு வந்திட்டனோ எண்டு. வேற சில நாள், வானுக்குக் கீழ படுத்துக்கிடக்கேக்க உள்ள பாட்டுக் கேட்கும். கெதியா முடிச்சிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்து பாடோணும் போல இருக்கும்.

ரெண்டு டிக் விழுந்ததோ? அதை எழுது. இஞ்ச எல்லாப் பிரதர்மாரும் கேட்கினம், கோழி என்னவாச்சு எண்டு. நான் அவையளிட்டச் சொன்னது பிழை.

அண்ணா


லிங்கநகர்
2025 ஆகஸ்ட் 12

அண்ணா,

ரெண்டு டிக் விழுந்தது. நீலமும் ஆச்சு. மூதூருக்குப் போயிட்டு வந்திட்டம்.

அப்பா முதல்ல வரமாட்டன் எண்டார். "வீடியோவில கண்ட எஞ்சினாம், நாளைக்கு வீடியோவில கண்ட மாப்பிள்ளை எண்டுவாள்." நான் தனியப் போறன் எண்டு சப்பாத்துப் போட்ட உடன சேட்டை மாட்டிக்கொண்டு பின்னால வந்திட்டார்.

நப்லாட வாப்பா ஆதம்பாவா. முந்தி கரண்ட் இல்லாத காலத்தில ஊருக்கே நெல்லுக் குத்திக் குடுத்த மில்காரர். ஆமி லொறி இடிச்ச சன்னி ஒண்டில இருந்து எஞ்சினைக் கழட்டி, மில்லை ஓட்டியிருக்கிறார். கரண்ட் வந்தாப்பிறகு படங்கு போட்டு மூடி விட்டிட்டார். ஒயில் ஊத்தி மூடினதாம். அதைக் கேட்ட உடன எனக்கு அவரைக் கும்பிடோணும் போல இருந்தது.

"தாராளமா எடுங்க. எஞ்சின் ஓடினாப் பிறகு விலை பேசுவம்" எண்டார்.

ஆனா அவற்ற மனிசி உம்மு குல்சும் வாசலில வந்து நிண்டா. "எடுக்க ஏலாது. கோழி அடைகிடக்கு."

உண்மைதான் அண்ணா. அந்த வீடியோ பழசு. இப்ப கோழி எஞ்சினுக்குக் கீழ முட்டைக்கு மேல இருக்குது. எஞ்சினை அசைச்சால் கூடு போயிடும். நான் சோக்குக் கட்டியோட கையை விட்டன், ஒரே கொத்து. ரத்தம் வந்திட்டு. ஒரு பக்கம்தான் பார்க்க முடிஞ்சது. மற்றப் பக்கம் வெடிச்சிருக்கோ இல்லையோ, கோழிக்குத்தான் தெரியும்.

"கோழியை வேற இடத்தில வைக்கலாமே" எண்டு ஆதம்பாவா இழுத்தார்.

"நான் பிள்ளை பெத்துக் கிடக்கேக்க என்னத் தூக்கி வேற இடத்தில வச்சீங்களா?" எண்டா.

நான் அப்பாவைப் பார்த்தன். திருநாளுக்கு ஒரு கிழமைதான் இருக்கு. இதோட முடிஞ்சுது, "வா போவம்" எண்டு சொல்லப்போறார் எண்டு நினைச்சன். அப்பா குனிஞ்சு கோழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோழியும் அவரைப் பார்த்தது. பிறகு சொன்னார், "பொரிக்கட்டும். நான் காத்திருக்கிறன்."

தேத்தண்ணி குடிக்கேக்க ஆதம்பாவா கேட்டார், உங்கட எஞ்சின் என்னெண்டு வெடிச்சது எண்டு. நான் வாயைத் திறக்க முதல் அப்பா சொன்னார்: "நான்தான் ஊத்தினன். கோயில் தண்ணி. மகன் மடத்துக்குப் போனதில இருந்து அந்தத் தண்ணியை நான் வாயில வைக்கேல்ல. மனிசி தருவா, நான் வாங்குவன், பெட்டிக்குள்ள வைப்பன். அண்டைக்கு வீம்புதான். எனக்குத்தான் ஒண்டும் செய்யேல்ல, காருக்காவது செய்யட்டும் பாப்பம் எண்டு ஊத்தினன்."

ஆதம்பாவா கோப்பையைக் கீழ வச்சிட்டு, "தண்ணியில பிழை இல்ல. கோவத்தில ஊத்தினா எந்தத் தண்ணியும் வெடிக்கும்" எண்டார்.

பஸ்ஸில வரேக்க அப்பா பிரேக் மிதிக்கேல்ல.

நான் இப்ப நகத்தைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறன். நப்லா ஒவ்வொரு நாளும் கோழிட வீடியோ எனக்கு மட்டும் அனுப்புறாள்.

அஞ்சலினா


லிங்கநகர்
2025 ஆகஸ்ட் 29

அண்ணா,

ஓடுது.

முதல்ல அதை எழுதிட்டன். இனி மூச்சு விட்டு எழுதிறன்.

குஞ்சு பொரிச்ச அண்டே நப்லா வீடியோ கோல் எடுத்தாள். முனாப் நானா தன்ர சின்ன லொறியையும் எஞ்சின் தூக்கிற செயின் புளொக்கையும் கொண்டு வந்தார், "அண்டைக்கு நடந்ததுக்கு இது ஈடு, காசைப் பற்றிக் கதைச்சா இறக்கிப்போடுவன்" எண்டு. ஹெட்டைக் கழட்டி, மண்ணெண்ணை பூசி, துடைச்சு, சோக்கை உரைச்சன். நான், அப்பா, முனாப் நானா, ஆதம்பாவா, உம்மு குல்சும், நப்லா, கோழி, குஞ்சுகள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிண்டம். வெள்ளை வெள்ளையாவே இருந்தது. ஒரு கோடு இல்ல. நான் திரும்பவும் பூசினன். திரும்பவும் வெள்ளை. மூண்டாம் தரம் பூசப்போக முனாப் நானா சோக்கைப் பறிச்சு எறிஞ்சிட்டார்.

வீட்டுக்குக் கொண்டு வந்து காரில பூட்டினது நான். முனாப் நானா பார்த்துக்கொண்டு நிண்டு நக்கல் அடிச்சவர், ஆனா ஒரு போல்ட்டும் திருப்பி இறுக்கேல்ல. கார்த் திறப்பை அப்பாட்டக் குடுத்தன். அவர் என்ர கையிலயே திருப்பித் தந்தார். முதல் தரம் இருமிச்சு. ரெண்டாம் தரம் கறுப்புப் புகை, பக்கத்து வீட்டுக் கொடியில இருந்த வெள்ளைச் சேலை எல்லாம் போச்சு. மூண்டாம் தரம் பிடிச்சிட்டு. அம்மா ஓடிவந்து பொனற்றில சிலுவை போட்டா, கை சுட்டிட்டு.

இனிக் கேள். எஞ்சின் எண்ட சாட்டு, சாக்கு எல்லாம் முடிஞ்சுது. இப்ப நீ வாறதெண்டாலும் நிக்கிறதெண்டாலும் அது உன்ர சொந்தக் கதை. நான் வாறன் எண்டு எழுதின உன்ர அந்தக் கடிதத்தை நான் கடைசியில அப்பாட்டக் காட்டினன். கோவிக்காதே. அவர் ரெண்டு தரம் வாசிச்சார். பிறகு காரில பின் சீற்றைக் கழட்டிக் கழுவிக் காயவைச்சார். டிக்கியையும் வெறுமையாக்கினார். "ஏனப்பா" எண்டு கேட்டன். "எட்டாம் திகதி போறம். அவன் அங்க வெள்ளை உடுப்போட நிண்டால் பார்த்திட்டு வருவம். பையோட நிண்டால் ஏத்திக்கொண்டு வருவம். பஸ்ஸில விடமாட்டன்" எண்டார்.

எனக்கு உங்கட மலையை நினைச்சால் பயமா இருக்கு. இந்த எஞ்சின் இவ்வளவு நாளும் ஒரே இடத்தில நிண்டு நெல்லுத்தான் குத்தினது. அவ்வளவு வளைவு, அவ்வளவு ஏத்தம். கீழ பார், அப்பா பேனையைக் கேட்கிறார்.

அஞ்சலினா

ஏறும். பயப்பிடாதே.
அப்பா


ஹற்றன்
2025 செப்டெம்பர் 2

அஞ்சலி,

"ஓடுது" எண்டு வாசிச்ச உடன எனக்கு முதல் வந்தது சந்தோசம் இல்ல. பயம். சாட்டுப் போச்சே எண்டு. அப்ப உன்ர கேள்விக்குப் பதில் விளங்கிச்சு. நான் ஏதாவது வெடிக்கட்டும் எண்டுதான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறன்.

பிறகு சாட்டு ஒண்டும் இல்லாமல் இருந்து பார்த்தன். பையை எடுத்துக் கட்டிலில வச்சு, உடுப்பை மடிச்சு அடுக்கினன். ஒருத்தரும் தடுக்கேல்ல. வீட்டில நான் இல்லாமலே எல்லாம் ஓடுது. போக வேணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல, நிக்க வேணும் எண்டும் சொல்லேல்ல. அப்பிடியே பைக்குப் பக்கத்தில இருந்தன். மணி அடிச்சது. எழும்பிச் செபத்துக்குப் போயிட்டன். திரும்பி வந்து பார்த்தால் கட்டிலில பை இருக்குது, ஆரோ மறந்து விட்டிட்டுப் போனது மாதிரி.

ஃபாதர் மாஸ்டரிட்ட இந்த முறை வாயால போய்ச் சொன்னனான். நான் உடுப்போடதான் நிப்பன்.

அப்பாட வரியைக் கிழிச்செடுத்துச் செபப் புத்தகத்துக்குள்ள வச்சிருக்கிறன். மிச்சக் கடிதத்தைப் பிரதர்மார் கேட்டு வாசிச்சு முடிச்சிட்டினம். குஞ்சுகளின்ர படம் இருந்தால் கொண்டு வா.

மலை ஏறேக்க ரெண்டாம் கியரிலயே வரச் சொல்லு. முள்ளு ஏறினால் நிப்பாட்டி ஆற விடுங்கோ. பிந்தினாலும் பரவாயில்ல, பூசையை உங்களுக்காகக் கொஞ்சம் நிப்பாட்டி வைக்கிறம் எண்டு ஃபாதர் மாஸ்டர் சொன்னவர். டிக்கி வெறுமையாத்தானே இருக்கு, அம்மாட்டச் சொல்லி மாதா தண்ணி ஒரு கேன் வச்சுக்கொண்டு வாங்கோ. இஞ்ச வந்து அப்பாவும் நானும் குடிப்பம்.

ஐஸ்பெட்டியில வைக்க வேண்டாம்.

அண்ணா